ராத்திரி வெளிச்சத்தில் முகங்கள்

ஃப்ளாஷ் போடாமல் இரவில் முகங்களைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். ஆளை எங்கே நிறுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. படத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்வி என்பது மதுரைத் தெருக்களில் ராத்திரி நேரங்களில் சுற்றிச் சுற்றி நான் தெரிந்துகொண்டது.

ஃப்ளாஷ் அடித்தால் முகம் தட்டையாகி, பின்னாலிருக்கும் கடைத்தெரு முழுதும் கறுத்துப்போகும். சூடான பரோட்டாக் கல்லுக்கு முன்னால் வேலை செய்கிறவர் கண்ணில் அதை அடிப்பது ஆபத்தும்கூட. கடையில் உள்ள வெளிச்சமே போதும். பரோட்டா மாஸ்டர் மாவு வீசும் மேடையைக் கவனித்துப் பாருங்கள். மேலே தொங்கும் விளக்கின் வெளிச்சம் நேராக இறங்கினால் கண்குழி இரண்டும் இருட்டாகிவிடும். ஆனால் எண்ணெய் பூசிய அந்த மேடையும் அதில் பரப்பிய வெள்ளை மாவும் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. அவர் குனிந்து மாவைத் தட்டும் கணத்தில் கண்ணுக்குள் ஒரு புள்ளி மின்னும். அதற்காகக் காத்திருப்பேன். மேடை இல்லாத இடத்தில் வெள்ளை வேட்டி, விரித்த செய்தித்தாள், எவர்சில்வர் தட்டு எதுவானாலும் இதே வேலையைச் செய்யும்.

தெருவோரத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு எரிகிறது என்றால் தூரம்தான் கணக்கு. இரண்டு மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்கு நகர்ந்து வந்தால் அவர்மேல் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஐஎஸ்ஓ 6400 கேட்ட படம் 1600இல் முடிந்துவிடும். "அண்ணே, ஒரு எட்டு இந்தப் பக்கம் வாங்களேன்" என்று கேட்பதற்கு ஈடான லென்ஸ் எதுவும் கடையில் கிடைக்காது. கேட்டுவிட்டு எடுப்பதில் இன்னொரு பலனும் உண்டு: சம்மதித்து நிற்பவர் நிதானமாக நிற்பார். சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளச் சொன்னால் அசைவு இன்னும் குறையும்.

ஷட்டரை நான் பெரும்பாலும் 1/100 விநாடியில் வைக்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 1/100இல் ஒரு துடிப்பு முழுதாக அடங்கிவிடும். அதைவிட வேகமாகப் போனால் படத்தில் பட்டை விழலாம், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். கேமராவிலுள்ள ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரே இருப்பவர் தலையாட்டுவதை அல்ல. அதனால் அதை நம்பி 1/15க்கு இறங்குவதில்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, மூன்று நான்கு படங்களாகச் சேர்த்து அழுத்துவேன். விரல் அழுத்தும் அதிர்வு முதல் படத்தோடு போய்விடும். கூர்மையானது பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான்.

லென்ஸுக்கு 50 எம்எம் எஃப் 1.8 போதும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் அது கூர்மையாகக் காட்டும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர், ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 4 சென்டிமீட்டர்தான். ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளை, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸில் எடுத்தார். ஆழம் அவ்வளவு குறைவு என்பதால் நடிகர்கள் இருந்த இடத்தைவிட்டு அதிகம் அசைய முடியவில்லை. நமக்கும் அதே சிக்கல், சிறிய அளவில். அருகிலிருக்கும் கண்ணில் ஒற்றைப் புள்ளியாக ஃபோகஸ் வையுங்கள். ஃபோகஸுக்கு உதவ கேமராவில் எரியும் சின்ன விளக்கை அணைத்துவிடுங்கள், அதுவும் ஆளைத் திடுக்கிட வைக்கும்.

ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக விழுமே என்று பயந்து அதைக் குறைத்து எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றுவது வேண்டாம். பல கேமராக்களில் அப்படி ஏற்றிய நிழல்களில் புள்ளி இன்னும் அசிங்கமாகத் தெரியும். சோடியம் விளக்கு எரியும் தெருவில் எடுத்தால் தயங்காமல் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவேன். அந்த மஞ்சளில் வேறு நிறங்கள் மிகக் குறைவு, ஒயிட் பேலன்ஸால் மீட்க அதிகம் இருக்காது.

எனக்கு மிக முக்கியமான விஷயம் தோலின் நிறம். சுற்றிலும் இருட்டாக இருந்தால் கேமராவின் மீட்டர் மொத்தப் படத்தையும் நடுத்தரச் சாம்பலுக்கு ஏற்றப் பார்க்கும். முகம் வெளுத்து, நெற்றி வியர்வையின் மினுக்கம் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்கினால் இரவு இரவாக இருக்கும், கறுத்த தோலின் செம்பு நிறமும் கிடைக்கும். செல்போனில் எடுத்தாலும் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள், பியூட்டி ஃபில்டரை அணையுங்கள். டச்சப் என்ற பெயரில் முகத்தை வெளுக்கவைக்கும் பழக்கத்தை நான் மனதார வெறுக்கிறேன். நாள் முழுதும் அடுப்படியில் நின்றவரின் நிறம் அவருடையது, அதில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை. பிரிண்ட் போடும்போது மட்டும், காகிதத்தில் திரையைவிட இருட்டாக விழும் என்பதால், முழுப் படத்தையும் சற்றே ஏற்றி முதலில் ஒரு சின்ன அளவில் போட்டுப் பாருங்கள். சரியாக வந்ததும் படத்தில் இருப்பவருக்கும் ஒன்று சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.