எஞ்சினின் காய்ச்சல்

மனித உடலுக்கு வெப்பம் இன்றியமையாதது. அவ்வெப்பம் உரிய அளவில் நிற்கும்வரை உடல் நலமுற்று இயங்கும்; அளவைக் கடந்தால் அதனைக் காய்ச்சல் என்கிறோம். காய்ச்சல் தானே ஒரு நோயன்று. உள்ளே மறைந்துள்ள நோயை வெளியே அறிவிக்கும் அடையாளம். மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் இவ்வுண்மை பொருந்தும். எஞ்சின் வெப்பத்தால் வாழ்வது. வெப்பத்தாலேயே மாளவும் கூடியது. அது அளவிறந்து சூடேறும்போது செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை அறிந்திருத்தல் வண்டியோட்டும் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.

விழுப்புரத்தை அடுத்த காணை வட்டாரத்தில் உழவர் ஒருவர் வாழ்வதாக எண்ணிப் பார்க்கலாம். சித்திரை மாதத்து நண்பகல். தாம் விளைவித்த மணிலாவில் இரண்டு மூட்டைகளைத் தம் மோட்டார் சைக்கிளின்மீது கட்டிக்கொண்டு விழுப்புரத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நோக்கி அவர் புறப்படுகிறார். மாலைக்குள் எடை போட்டுப் பணம் பெற்றால்தான் கூட்டுறவுச் சங்கத்துக் கடனின் தவணையைக் குறித்த நாளில் கட்ட இயலும். வழியிலோ கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. அவற்றின் பின்னே வண்டியும் ஊர்கிறது. சிறிது தொலைவு சென்றதும் எஞ்சினில் 'கணகண' என்ற ஓசை எழுகிறது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் கூடவில்லை. எண்ணெய் தீயும் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. கால்களில் அனல் வீசுகிறது.

உழவர் வண்டியைச் சாலையோரத்துப் புளியமரத்தடியில் நிறுத்துகிறார். அருகிலிருந்த குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு எஞ்சினை நோக்கி விரைகிறார்.

"தம்பி, பொறு! தண்ணீரை ஊற்றாதே!" என்று ஒரு குரல் தடுக்கிறது. அம்மரத்தடியில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் முதிய மெக்கானிக்கின் குரல் அது.

அவர் ஏன் தடுத்தார்? அதனை அறிய எஞ்சினுள் நிகழ்வதை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினின் உயிர்நிலை சிலிண்டர் என்னும் உருளை. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது, பின்பு அமுக்கப்படுகிறது, ஸ்பார்க் பிளக் தரும் பொறியால் பற்றி எரிகிறது, எரிந்த புகை வெளியே தள்ளப்படுகிறது. இந்நான்கு செயல்களும் ஒரு சுற்றாக நிகழ்வதால் இதனை நான்கு வீச்சு எஞ்சின் என்பர். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் இத்தகைய எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் நொடிக்கு 25 முறை தீப் பற்றுகிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியஸையும் எட்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ ஏறத்தாழ 660 பாகையில் உருகக்கூடியது. தன்னை உருக்கவல்ல தீயின் நடுவே பிஸ்டன் நாள்தோறும் உழைக்கிறது. தீ கணப்பொழுதே நிற்பதாலும், ஏற்ற வெப்பம் உடனுக்குடன் வெளியேற்றப்படுவதாலும் அது பிழைக்கிறது.

பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சிய பெரும்பகுதி புகையோடும், சிலிண்டரின் சுவர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. சுவரை அடைந்த வெப்பத்தை அகற்றுவதற்காகவே சிலிண்டரைச் சுற்றி விலா எலும்புகளைப் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள் அமைக்கப்பட்டுள்ளன. அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. காற்றுப் படும் பரப்பை அவை பன்மடங்கு பெருக்குகின்றன. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அத்தகடுகளினூடே பாய்ந்து வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. பரந்த தட்டில் ஊற்றிய கஞ்சி விரைவில் ஆறுவதைக் கண்டவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

மற்றொரு காவலன் எண்ணெய். அது உராய்வைக் குறைப்பதோடு நில்லாமல், காற்றுப் புகாத உட்பகுதிகளின் வெப்பத்தையும் ஏந்தி வந்து வெளிச்சுவரில் சேர்க்கிறது. எண்ணெய் குறைந்தால் உராய்வு மிகும், வெப்பம் தேங்கும். இரும்பைக் காட்டிலும் அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும் இயல்புடையது. ஆதலால் வார்ப்பிரும்புச் சிலிண்டரினுள் ஓடும் அலுமினியப் பிஸ்டன் அளவிறந்து சூடேறினால், இரண்டிற்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளி மறைகிறது. பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் கூறுவது இந்நிலையைத்தான். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் பின்சக்கரம் திடீரெனச் சுழலாது நிற்கும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படுதலும் உண்டு. எனவே சூடேறிய எஞ்சினைப் புறக்கணித்தல் பொருட்கேடு மட்டுமன்று, உயிர்க்கேடும் ஆகும்.

வெப்பத்தோடு மனிதன் நடத்திய போராட்டம் மோட்டார் சைக்கிள் பிறந்த நாளிலேயே தொடங்கியது. 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் டைம்லர், மைபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் சிறு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஒரு வண்டியை உருவாக்கினர். அதன் வெள்ளோட்டத்தின்போது, எரிபொருளைப் பற்றவைக்கும் சூடான குழாய் இருக்கைக்குக் கீழே இருந்தமையால், இருக்கையே தீப்பற்றியது என்பர்.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் 'புல்லட்' வண்டிகள் செய்யப்பட்டன. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒரே சிலிண்டரை உடையது அதன் 350 வகை எஞ்சின். சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. தலைப்பகுதியோ வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும் அலுமினியக் கலவையால் ஆனது. நீரின் உதவியின்றிக் காற்றினாலேயே குளிர்ந்த இவ்வண்டிகள் இமயத்தின் பனிச் சாலைகளிலும் தமிழகத்தின் வெயிற் சாலைகளிலும் ஓடின. அந்நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் எண்ணெயைத் தனியே குளிர்விக்கும் அமைப்பையும், 2023-ஆம் ஆண்டில் புதிய ஹிமாலயன் வண்டியில் திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பையும் கொண்டுவந்தது. எஞ்சினின் ஆற்றல் பெருகப் பெருக, அதன் வெப்பத்தை அகற்றும் வழியும் வளர வேண்டியதாயிற்று.

இனிப் புளியமரத்தடிக்குத் திரும்புவோம்.

"காய்ந்த இரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் விரிந்தே இருக்கும். சிலிண்டர் கோணலாகும், வெடிப்பும் விடலாம். முதலில் மூட்டைகளை இறக்கி வை. எஞ்சின் தானே ஆறட்டும்" என்கிறார் முதியவர்.

"ஐயா, மாலைக்குள் எடை போட்டாக வேண்டும், நேரமாகிறதே!" என்று உழவர் வருந்துகிறார்.

"அரைமணி நேரம் பொறுத்தால் வண்டி பிழைக்கும். இப்படியே ஓட்டினால் உன் மணிலாப் பணம் முழுவதும் எஞ்சினுக்கே போய்விடும்" என்று அவர் விடையிறுக்கிறார்.

எஞ்சின் ஆறும்வரை முதியவர் சும்மா இருக்கவில்லை. மருத்துவர் நோயாளியைக் கேட்பதுபோல் வினாக்களைத் தொடுக்கிறார். இதற்குமுன் இவ்வாறு சூடேறியதுண்டா? அண்மையில் வண்டியில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா? எண்ணெய் மாற்றி எத்தனை நாளாயிற்று? எந்தக் கியரில் ஓட்டி வந்தாய்? நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று கெட்டதென்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது யாது என்பதே முதல் வினா. முன்னாள் மாலை பின்சக்கரத்துப் பிரேக்கைத் தாமே இறுக்கியதாகவும், வண்டியை ஏரிக் கால்வாய்ச் சேற்றின் வழியே ஓட்டி வந்ததாகவும் உழவர் கூறுகிறார்.

முதியவர் எளியவற்றிலிருந்து அரியவற்றை நோக்கிச் செல்கிறார். சிலிண்டரின் தகடுகளைக் காண்கிறார். அவற்றின் இடையே சேறு காய்ந்து அடைத்திருக்கிறது. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரை விடுவித்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுகிறார். ஒரு சுற்றுக்கூடச் சுழலாமல் அது நிற்கிறது. பிரேக்கு ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. எஞ்சின், மூட்டைகளோடு அந்தப் பிரேக்கையும் இழுத்து வந்திருக்கிறது! பின்பு எஞ்சின் ஆறியதும் எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்க்கிறார். எண்ணெய் கீழ்க் குறிக்கும் கீழே இருக்கிறது.

பெருங்குறை என்று ஒன்றும் இல்லை. சிறு குறைகள் மூன்று கூடிவிட்டன. அவற்றோடு சித்திரை வெயிலும், மிகுந்த சுமையும், எதிர்க்காற்றில்லாத மெதுவான ஓட்டமும் சேர்ந்துகொண்டன. தனித்தனியே வந்திருந்தால் எஞ்சின் தாங்கியிருக்கும். ஒன்றாக வந்தமையால் தளர்ந்தது.

சேற்றைக் குச்சியாலும் துணியாலும் அகற்றி, பிரேக்கின் திருகைத் தளர்த்தி, உரிய எண்ணெயை மேற்குறி அளவுக்கு நிரப்புகின்றனர். மூட்டைகளில் ஒன்று அவ்வழியே வந்த டிராக்டரில் ஏறுகிறது. எஞ்சின் மீண்டும் இயங்குகிறது. கணகண ஓசை இல்லை. உழவர் மாலைக்குள் விழுப்புரத்தை அடைகிறார்.

எல்லா வண்டிகளிலும் காரணம் இவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. இவை யாவும் சரியாக இருந்தும் சூடு குறையாவிடின், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தை நோக்க வேண்டும். வெளிர் பழுப்பு நலத்தைக் காட்டும். கரிய புகைப்படிவு பெட்ரோல் மிகுதியைக் காட்டும். வெளுத்துப் போயிருப்பின், கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துள்ளது என ஐயுற வேண்டும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. கார்புரேட்டரின் நுண்துளை அடைபட்டாலும், அதனை எஞ்சினோடு இணைக்கும் பகுதியில் காற்றுக் கசிந்தாலும் இவ்வளவு மாறும். பொறி எழும் நேரம் பிழைபட்டாலும், கிளட்ச் நழுவினாலும், செயின் மிக இறுகினாலும் சூடு மிகும். இவற்றைச் செப்பனிடத் தேர்ந்த மெக்கானிக்கை நாடுவதே அறிவுடைமை.

திரவத்தால் குளிரும் எஞ்சினில் குளிர்விக்கும் நீர்மத்தின் அளவையும், ரேடியேட்டரின் தூய்மையையும், விசிறியின் ஓட்டத்தையும் காண வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட நீர்மம், மூடி திறந்தவுடன் ஆவியாகப் பொங்கி முகத்தையும் கைகளையும் வேகச் செய்யும்.

வருமுன் காத்தல் இவை எல்லாவற்றினும் மேலானது. குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றுதல், தகடுகளைத் தூய்மையாக வைத்தல், அளவறிந்து சுமை ஏற்றுதல், ஏற்றத்தில் கியரைக் குறைத்தல், இரயில்வே கேட்டில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்தல் ஆகிய இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது கவனமே வேண்டும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் கூறும் அறிவுரை. குடத்து நீர் காய்ச்சலை மட்டும் கண்டது. முதியவரின் கண்கள் காய்ச்சலின் காரணத்தைத் தேடின. சினந்து நிற்கும் பொறியின்முன் சினவாது நின்று, கண்டு, கேட்டு, ஆராய்ந்து, எளியதைத் தொடங்கி அரியதை அடைவோர்க்கு எந்தப் பழுதும் விளங்காப் புதிராக நில்லாது.

பயிற்சி வினாக்கள்

1. காய்ச்சலையும் எஞ்சினின் மிகுசூட்டையும் ஒப்பிட்டு எழுதுக.
2. சிலிண்டரைச் சுற்றித் தகடுகள் அமைக்கப்பட்டிருப்பது ஏன்?
3. பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? அதனால் விளையும் தீங்கு யாது?
4. முதிய மெக்கானிக் எந்த முறையில் காரணங்களை ஆராய்ந்தார்?
5. உமது வீட்டில் பழுதுபட்ட ஒரு பொருளின் குறையை நீர் எவ்வாறு கண்டறிவீர்? ஒரு பத்தியில் எழுதுக.