மோட்டார் படகின் மின்சார அளவுகாட்டிகள்: பழுதறியும் முறை

கொச்சியிலிருந்து தனுஷ்கோடி செல்லும் நெடுஞ்சாலை போடிமெட்டில் மலையைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கிப் போடிநாயக்கனூரை அடைகிறது. போடிமெட்டுக்கு மேற்கே ஆனையிறங்கல், மாட்டுப்பட்டி ஆகிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. கிழக்கே சாலை முடியுமிடத்தில் கடல் உள்ளது. மலைநீரிலாயினும் கடலிலாயினும், பின்பலகையில் மோட்டார் பூட்டிய சிறு படகைச் செலுத்துபவர் சில அளவுகாட்டிகளை நம்பியே செல்கிறார். மலையின் மூடுபனி ஈரமும் கடலின் உப்புக் காற்றும் அவற்றின் மின் இணைப்புகளைக் கெடுக்கின்றன. டாங்கியில் பெட்ரோல் இல்லாதபோது இருப்பதாகக் காட்டும் கருவி, கருவியே இல்லாத நிலையைவிட அபாயமானது. பாக் நீரிணையில் மோட்டார் நின்ற படகு, காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் எல்லைக் கோட்டையும் தாண்டிவிடக்கூடும்.

அமைப்பு

எரிபொருள் காட்டியின் பின்புறத்தில் சாதாரணமாக மூன்று முனைகள் காணப்படும். ஒன்று ஸ்விட்சு வழியாகப் பாட்டரியின் நேர்முனையுடன் இணையும். மற்றொன்று எதிர்முனைக்குச் செல்லும். இதனைத் தரை இணைப்பு என்பர். மூன்றாவது, டாங்கியிலுள்ள உணர் கருவியுடன் இணையும். மிதவை ஏறி இறங்கும்போது உணர் கருவியின் மின்தடை மாறுகிறது. அதற்கேற்ப முள் நகருகிறது.

முதற் பரிசோதனை

எல்லா அளவுகாட்டிகளும் ஒருங்கே நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா என்பதை முதலில் நோக்க வேண்டும். எல்லாம் நின்றிருந்தால், பழுது பொதுவான இடத்தில் இருக்கும்: பியூஸ், ஸ்விட்சு அல்லது தரை இணைப்பு. தரைக் கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலிபோல் செல்லுமாயின், அறுந்த இடத்திற்கு அப்பாலுள்ளவை மட்டும் செயலற்றுப் போகும். விளக்கைப் போட்டதும் முட்கள் அசைந்தால், தரை இணைப்பையே ஐயுற வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டு, கருவியின் முதலிரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க. நல்ல பாட்டரியாயின் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்கும். குறைந்திருந்தால், விளக்குகள் எரியும் நிலையில், பாட்டரியின் எதிர்முனைக்கும் கருவியின் தரை முனைக்கும் இடையே அளக்க. அங்கு ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. அரை வோல்ட் காட்டினாலும் அக்கம்பியின் இணைப்பில் களிம்பு உள்ளதென அறியலாம்.

கருவியா, உணர் கருவியா?

சிறு படகுகளில் இருவகை உணர் கருவிகள் பெரிதும் வழங்குகின்றன. அமெரிக்க வகையில் டாங்கி காலியாயிருக்கும்போது சுமார் 240 ஓம், நிறைந்திருக்கும்போது 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலிக்குச் சுமார் 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். ஒன்றின் கருவியை மற்றதன் உணர் கருவியுடன் இணைத்தால் அளவு தலைகீழாகிவிடும்.

உணர் கருவிக்குச் செல்லும் கம்பியைக் காட்டியின் முனையிலிருந்து கழற்றுக. அமெரிக்க வகை 'காலி' எனக் காட்ட வேண்டும். ஐரோப்பிய வகை 'நிறைவு' எனக் காட்ட வேண்டும். பின்னர் அம்முனையைத் தரை முனையுடன் கணநேரம் இணைத்தால் முள் எதிர்ப்பக்கம் செல்ல வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் காட்டி பழுதற்றது. குறை கம்பியிலோ உணர் கருவியிலோ உள்ளது. ஸ்விட்சை அணைத்து, உணர் கருவியின் கம்பிகளைக் கழற்றி, அதன் மின்தடையை ஓம் அளவில் பார்க்க. டாங்கியின் அருகில் காற்றோட்டம் வேண்டும். தீப்பொறி எழ இடந்தரலாகாது.

களிம்பின் விளைவு

ஓர் இணைப்பில் களிம்பேறி 20 ஓம் தடை கூடியதெனக் கொள்வோம். அமெரிக்க வகையில் நிறைந்த டாங்கியின் 33 ஓம், 53 ஆகிறது. முள் உண்மையிற் குறைவாகக் காட்டும். ஐரோப்பிய வகையிலோ காலி டாங்கியின் 10 ஓம், 30 ஆகிறது. இல்லாத பெட்ரோல் இருப்பதாகத் தோன்றும். கம்பி முற்றும் அறுந்தால் எப்போதும் நிறைந்தேயிருக்கும்! ஒரே பழுது, ஒருவகையில் வீண் எச்சரிக்கை, மற்றொன்றில் வஞ்சனை.

சுழற்சிமானி

மோட்டாரின் மின்னாக்கி எழுப்பும் துடிப்புகளை எண்ணியே இக்கருவி வேகத்தைக் காட்டுகிறது. 12 துருவங்கள் உள்ள மின்னாக்கி ஒரு சுற்றுக்கு 6 துடிப்புகள் தரும். கருவியின் பின்னுள்ள திருகு தவறுதலாக 4 துடிப்புகளுக்கு வைக்கப்பட்டிருந்தால், நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் 4,500 எனத் தோன்றும். முள் அசையாமல் நிற்க, மோட்டார் ஓடும்போதும் வோல்ட்மீட்டர் 13.5 வோல்ட்டுக்கு உயராவிடில், பழுது கருவியில் அன்று. மின்னாக்கியிலோ ரெக்டிபயரிலோ இருக்கக்கூடும். மோட்டார் ஓடும்போது பாட்டரியைக் கழற்றலாகாது, ரெக்டிபயர் கெட்டுவிடும்.

பராமரிப்பு

புதுக் கருவி வாங்குமுன் இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்துத் துலக்கி, இறுக்கி, கிரீஸ் பூசுக. கடற்படகுகளுக்கு ஈயம் பூசிய செம்புக் கம்பியே நீடித்து உழைக்கும். எனினும், கருவி எத்துணைச் சீராயிருந்தாலும், புறப்படுமுன் டாங்கியை நேரிற் பார்த்தல் நன்று. போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு எனப் பெட்ரோலைப் பகுத்துக்கொள்பவர், முள் பிழைத்தாலும் கரை சேர்வர்.