அமெரிக்க வரியும் தாம்பரமும்

கேள்வி: நாடு வேகமாக வளர்கிறது என்கிறார்கள். அமெரிக்கா வரி போட்டால் தாம்பரத்துக்கு என்ன வந்தது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: நிறையவே இருக்கிறதம்மா. காலையில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பையோடு இறங்கும் பெண்களைப் பாருங்கள். பலர் போவது மெப்ஸுக்கு. 1984-இல் ஏற்றுமதிக்கென்றே தொடங்கிய வளாகம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி விதித்தது. அப்படியொரு அடி விழுந்தால் ஆயத்த ஆடை ஆர்டர்கள்தான் முதலில் ஆட்டம் காணும். வரி மட்டுமல்ல, அங்கே எடுக்கும் மற்ற முடிவுகளும் இங்கே பாதிக்கும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியதே, முடிவெடுத்தது அமெரிக்காவில். வேலை போனது இங்கே. வளர்ச்சி உண்மைதான். ஆனால் ஒரே சந்தையை நம்புவது ஆபத்து. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா என்று வாங்குவோரைப் பெருக்குங்கள் என அரசை நாம் கேட்டே ஆக வேண்டும்.