நத்தாருக்கு மறுநாள்



பிரித்தானியாவிலே மார்கழி மாதம் பிறந்துவிட்டால் கடைத்தெருக்கள் எல்லாம் ஒளி விளக்குகளால் அழகு பெறுகின்றன. 25ஆம் திகதி நத்தார்ப் பெருநாள் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அதற்கு மறுநாளும் விடுமுறையே. அதனைப் 'பொக்சிங் டே' என அழைப்பர். குத்துச்சண்டைக்கும் அந்நாளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'பொக்ஸ்' என்பது இங்கே பெட்டியைக் குறிக்கும். ஆண்டு முழுவதும் தமக்கு உழைத்த பணியாளர்க்கும், கடிதமும் பிற பொருள்களும் வீடு தேடிக் கொணர்ந்தோர்க்கும் நத்தார்ப் பெட்டி என்ற பெயரில் அன்பளிப்பு வழங்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. அவ்வழக்கத்தினின்றே இப்பெயர் பிறந்தது என்பர். 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்தில் இந்நாளையும் விடுமுறை நாளாக்கியது. இன்றோ, மலிவு விற்பனையே பலர்க்கு நினைவில் வருகின்றது.

மேற்குத் திருச்சபைகளின் நாட்காட்டியிலே அந்நாளுக்கு வேறொரு பெயர் உண்டு. அது புனித ஸ்தேவான் திருநாள். 'ஸ்தெபனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முடி என்பது பொருள். ஆதலால் நம் கத்தோலிக்க மக்கள் அவரை 'முடியப்பர்' என அழகுறத் தமிழில் வழங்கினர். கிறிஸ்துவுக்காக முதன்முதலில் உயிர் ஈந்தவர் என்றே அவரைப் பெரும்பாலோர் அறிவர். அவர் முதலில் எப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார் என்பதை நாம் இங்கே கற்போம்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் ஆறாம் அதிகாரம் அதனைக் கூறுகின்றது. எருசலேமில் இருந்த முதற் கிறிஸ்தவர்கள் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து, ஆதரவற்ற விதவையர்க்கு நாள்தோறும் உணவளித்து வந்தனர். அவர்களுள் எபிரேய மொழி பேசியோரும் இருந்தனர். கிரேக்க மொழி பேசியோரும் இருந்தனர். நாட்கள் செல்ல, தங்கள் விதவையர் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்படுகின்றனர் எனக் கிரேக்க மொழியினர் முறையிட்டனர். தலைவர்கள் அம்முறைப்பாட்டை அடக்கினாரில்லை. சபையைக் கூட்டி, நற்பெயர் பெற்ற எழுவரைத் தெரிந்து இப்பணியை ஒப்படைக்கச் செய்தனர். அவ்வெழுவரில் முதற்பெயர் ஸ்தேவானுடையது.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டியவை இரண்டு. அந்த விதவையரைப் பட்டினியிட வேண்டும் என்று எவரும் எண்ணியதாக நூல் கூறவில்லை. உணவு இருந்தது, நல்ல மனமும் இருந்தது, எனினும் சிலர் விடுபட்டனர். பேசும் மொழி வேறாயின் ஒருவர் பிறர் கண்ணிற் படாமற் போதல் எத்துணை எளிது என்பதை, அகதிகளாய் இந்நாட்டுக்கு வந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை சொன்னோரின் பக்கத்தாரிடமே அகப்பை கொடுக்கப்பட்டது என்று இதனைக் கொண்டு அறிஞர் பலர் கருதுவர். பசித்தவனுக்குச் சோறிடுதல் நல்லறம். அவனையே நம்பிப் பந்தி பரிமாறச் செய்தல் அதனினும் உயர்ந்த அறம்.

இந்நாட்டுப் பாடசாலைகளில் நீங்கள் பாடும் நத்தார்ப் பாடல்களுள் ஒன்றும் இத்திருநாளையே களமாகக் கொண்டது. பத்தாம் நூற்றாண்டிலே பொகீமியாவை ஆண்ட வென்செஸ்லாஸ் கோமகனைப் பற்றி ஜோன் மேசன் நீல் என்னும் குருவானவர் இயற்றிய அப்பாடல் 1853இல் வெளிவந்தது. பனியிலே விறகு பொறுக்கும் ஏழையைக் கண்ட மன்னன், 'அவன் யார்? எங்கே வசிக்கின்றான்?' என்று முதலில் விசாரிக்கின்றான். பின்னர் உணவையும் விறகையும் எடுத்துக்கொண்டு, ஏவலாளரை அனுப்பாமல் தானே புறப்படுகின்றான். குளிரால் நடுங்கிய பணியாட் சிறுவன் மன்னனின் அடிச்சுவடுகளில் கால்வைத்து நடக்கின்றான். முன்னே நடப்பவர் பெரியோராயின், பின்னே வரும் சிறுவர்க்கு வழி எளிதாகும். பெற்றோரே, இது நமக்கான பாடம்.

இலண்டன் மாநகரிலே நத்தார் நாளன்று நிலக்கீழ் வண்டியும் பேருந்தும் ஓடுவதில்லை. உறவினர் அருகில் இல்லாத முதியவர்க்கு அந்நாள் மிக நீண்ட நாள். அடைக்கலம் கோரி வந்தோர், முடிவு கிடைக்கும் வரை பொதுவாக வேலை செய்யவும் உரிமையின்றி ஓர் அறையில் காத்திருக்கின்றனர். நம் சமூகத்திலும் ஆங்கிலம் அறியாத பாட்டன் பாட்டியர், தொலைபேசி ஒலிக்காதா என்று ஏங்கி அமர்ந்திருக்கின்றனர். இவர்களே இன்று பந்தியில் விடுபட்டோர்.

ஈழத்திலே நத்தாருக்குக் கிறிஸ்தவ வீட்டுப் பலகாரம் சைவ வீட்டுக்கும், தைப்பொங்கலுக்குச் சைவ வீட்டுப் பொங்கல் கிறிஸ்தவ வீட்டுக்கும் செல்வதை நாம் கண்டு வளர்ந்தோம். 2004ஆம் ஆண்டில் இதே மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபோது, கோவில்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் ஓடிவந்தோர்க்குப் புகலிடமாயின.

நாம் இந்நாட்டில் பிறர் கையால் பெற்றவர்கள். பெற்றவர்களாகவே இருந்துவிடுதல் நமக்குப் பெருமை தராது. நத்தார்க் குழந்தையும் ஏரோதின் வாளுக்குத் தப்பி, பெற்றோருடன் எகிப்து நாட்டில் அடைக்கலம் புகுந்ததாக மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. அடைக்கலம் தேடிய குழந்தையின் பிறந்தநாளை, அடைக்கலம் பெற்ற நாம் வெறும் விருந்தோடு கழித்தல் தகுமோ? சைவரோ கிறிஸ்தவரோ, இக்கடமை நம் அனைவர்க்கும் உரியது.

விடுமுறைக்கால வேலை

1. உங்கள் தெருவில் தனித்து வாழ்வோர் யாவர்? பெற்றோருடன் சென்று அவர்தம் பெயரைக் கேட்டறிந்து வருக.

2. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவர்க்கு வந்த கடிதத்தை வாசித்துத் தமிழில் விளக்குக. இருமொழி அறிந்த உங்களால் மட்டுமே ஆகும் பணி இது.

3. அருகிலுள்ள உணவு வங்கிக்கு எப்பொருள் தேவை எனக் கேட்டபின் அதனையே வாங்கிக் கொடுக்க. நமக்கு வேண்டாததைக் கொடுத்தல் ஈகை ஆகாது.

4. விருந்துக்கு அழைத்த முதியவரை ஒரு கதை சொல்லுமாறு வேண்டுக. அவரிடமும் நமக்குத் தருவதற்கு ஒன்று உண்டு.

தை மாதம் வகுப்புத் தொடங்கும்போது, நீங்கள் அறிந்துவந்த பெயர்களை நாம் ஆவலோடு கேட்போம். அனைவர்க்கும் நத்தார் வாழ்த்துகள்.