பதினான்கோடு நின்றவன்

மூன்றாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன்



மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, "ஆண்டெனா பத்தி எழுதிக் குடுடா" என்றார்கள். ஆண்டெனா பற்றி எழுத நம் துறையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேறொரு விஷயம் நெஞ்சில் கிடக்கிறது. வலைப்பதிவு ஆரம்பிக்கிறவர்களில் இத்தனை பேர் ஏன் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்? இதைக் கேட்க எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானும் விட்டவன்தான். பதினான்கு பதிவு, அதோடு சரி.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 'வெப்லாக்' என்ற சொல்லை 1997-ல் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர் புழக்கத்தில் விட்டார். 1999-ல் அது சுருங்கி 'பிளாக்' ஆயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிளாகர்' என்ற சேவை வந்தது. அதற்கு முன் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்க வேண்டுமானால் ஹெச்.டி.எம்.எல். தெரிய வேண்டும், சர்வரில் இடம் பிடிக்க வேண்டும், கோப்பை ஏற்றத் தெரிய வேண்டும். பிளாகர் வந்தபின் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்றாகிவிட்டது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது.

தமிழுக்கு மட்டும் இன்னொரு முடிச்சு இருந்தது. நம்மவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொன்னால் புரியும்: ரெசிஸ்டர் கலர் கோடு. பழுப்பு என்றால் ஒன்று, சிவப்பு என்றால் இரண்டு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டதால்தான் யார் செய்த ரெசிஸ்டரையும் நாம் படிக்க முடிகிறது. கம்பெனிக்கு ஒரு கலர் கோடு என்றிருந்தால் நம் லேப் என்ன ஆகும்? அன்றைய தமிழ் எழுத்துருக்கள் அப்படித்தான் இருந்தன. எட்டு பிட்டில் 256 இடம், அதில் ஆங்கிலம் போக மிச்சமுள்ள இடங்களில் ஆளுக்கொரு வரிசையில் 'அ'வையும் 'க'வையும் உட்கார வைத்திருந்தார்கள். டிஸ்கி, டாப், டாம் என்று பல முறைகள். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கரப்பான்பூச்சி மை தொட்டு நடந்த மாதிரி இருக்கும்! யூனிகோடு வந்து தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கி, எந்த எழுத்து எங்கே என்று உலகுக்கே பொதுவாக்கியது. தட்டச்சுக்கு எ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைத்தன. 2003-ல் தமிழ்ப் பதிவுகள் தலைகாட்டின.

எழுதியாகிவிட்டது, யார் படிப்பது? அதற்கு விடையாக 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஓடை உண்டு. புதிதாக எழுதினால் தலைப்பும் முதல் சில வரிகளும் அதில் தானாக வந்து விழும். திரட்டி எல்லா ஓடைகளையும் இழுத்து ஒரே பக்கத்தில் காட்டும். ஊர் மந்தையில் வந்து நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே நின்றால் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சிங்கப்பூரில் இருப்பவருக்குச் சிவகாசிக்காரர் மறுமொழி போட்டார். சண்டையும் நடந்தது, அது இல்லாமல் மந்தை ஏது?

பிறகு ஏன் ஓய்ந்தது? மந்தை இடம் மாறியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். முகநூலும் வாட்ஸப்பும் வந்தன. இரண்டு வரி எழுதினால் அடுத்த நிமிடமே நாற்பது பேர் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய பதிவுக்கு ஒன்றும் வராது. 2013-ல் கூகுள் தன் ஓடைப் படிப்பானை மூடியது. பணத்துக்கு எழுதலாம் என்றால், கூகுளின் விளம்பரத் திட்டத்தில் தமிழ் சேர்ந்ததே 2018-ல்தான். அதற்குள் முக்கால்வாசிக் கூட்டம் கலைந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை எங்கள் ஊர்க்காரர் ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

மேகமலைக்குப் போகிறவர்கள் சின்னமனூரில் பஸ் ஏறலாம். சி.சு. செல்லப்பா என்ற பெயரில் உள்ள 'சி' அந்தச் சின்னமனூர்தான். 1912-ல் பிறந்தவர், வத்தலகுண்டில் வளர்ந்தவர். ஜல்லிக்கட்டை வைத்து அவர் எழுதிய 'வாடிவாசல்' நம்மில் சிலருக்காவது தெரியும். 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' என்ற மாத இதழைச் சென்னையில் ஆரம்பித்தார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். யாராவது இப்படிச் சொல்வார்களா! புதுக்கவிதை தமிழில் காலூன்றியது அந்தப் பத்திரிகையில்தான். ந. பிச்சமூர்த்தி எழுதினார், பிரமிள் எழுத வந்தார், வெங்கட் சாமிநாதன் விமர்சனம் எழுதினார். புத்தகமும் வெளியிட்டு, அந்தக் கட்டைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1970 வரை 119 இதழ்கள்.

காகிதம், அச்சுக்கூலி, தபால்தலை எல்லாம் கைக்காசு. நமக்கோ பதிவு இலவசம். அப்படியிருக்க அவர் பதினோரு வருடம் தாங்கினார், நான் ஐந்து மாதம் தாங்கவில்லை. ஏன்?

ரொம்ப யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. அவர் சந்தா வாங்கியிருந்தார். வருடச் சந்தா கட்டியவருக்குப் பன்னிரண்டு இதழ் கடன். போன மாதம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் உண்டு. பதிவு எழுதுகிறவன் யாருக்கும் கடன்படவில்லை. காசில்லாமல் ஆரம்பித்ததால் நஷ்டமில்லாமல் நிறுத்தவும் முடிகிறது. ஜெயமோகன் 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 ஜனவரி முதல் 2020 வரை தன் தளத்தில் நாள்தோறும் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். அவருடைய உழைப்பு நமக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு அத்தியாயம் எங்கே என்று கேட்க அங்கேயும் ஆள் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு மலை மேலே எஸ்டேட் லைனில். தாத்தா கவ்வாத்து வெட்டியவர், அப்பத்தா கொழுந்து எடுத்தவர். முதலாமாண்டு செமஸ்டர் லீவில் தாத்தா சொல்வதை எழுத ஆரம்பித்தேன். பச்சைக்கூமாச்சி என்ற பழைய பெயர், யானை வந்த ராத்திரிகள், கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற விதம். லைனில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறினால் இரண்டு கோடு காட்டும், மேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். அங்கே நின்று செல்போனிலேயே ஏற்றுவேன். பிறகு ஹாஸ்டலுக்கு வந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்க்கும் வியாதி பிடித்தது. பதினான்காம் பதிவைப் பார்த்தவர்கள் ஏழு பேர் என்று காட்டியது, அதில் நான்கு நான். ரெக்கார்டு நோட்டு இருந்தது, அரியர் ஒன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் பதிவைத் திறந்தேன். கடவுச்சொல் நாலாவது முயற்சியில்தான் அகப்பட்டது. என் அனுமதிக்காக ஒரு மறுமொழி காத்துக் கிடந்தது, பதினான்கு மாதமாக! "நான் இரவங்கலாற்றில் பிறந்தவள். எட்டு வயசில் கீழே இறங்கிட்டோம். நீங்க எழுதின மாதிரி ஒரு கத்தி எங்க அப்பாகிட்டயும் இருந்துச்சு. அடுத்தது எப்ப எழுதுவீங்க தம்பி?"

ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் அவருக்கு ஞாபகம் முன்னே பின்னே ஆகிறது, என்னையே சில சமயம் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எந்த லைன் பிள்ளைன்னு கேளுடா" என்றார்.

தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி, கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.