எடுத்தவர் நீங்கள், உரிமை யாருடையது?

கேள்வி: சொந்தமாகக் கல்யாண போட்டோகிராபி செய்துவருகிறேன். கடை கிடையாது. கேமரா, லென்ஸ், லேப்டாப் எல்லாம் என் பணத்தில் வாங்கியவை. போன தை மாதம் எடுத்த ஒரு கல்யாணத்தின் மூன்று படங்களை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். பெண்ணின் அண்ணன் போன் செய்து, "உடனே எடுத்துவிடுங்கள், ரா ஃபைல்களையும் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், எல்லாம் எங்களுடையவை" என்கிறார். படம் எடுத்தவன் நான், கேமரா என்னுடையது. அப்புறம் படம் மட்டும் எப்படி அவர்களுடையதாகும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்தத் தொழிலில் பல வருடம் இருப்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. தகராறு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். நீங்கள் மூன்று படத்தோடு கேட்டுவிட்டீர்கள், நல்லது. ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்களும் அவர்களும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்றால், அந்தக் கல்யாணப் படங்களின் பதிப்புரிமை உங்களிடம் இல்லை.

'எடுத்தவருக்கே படம் சொந்தம்' என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று ஃபிலிம் காலத்துப் பழக்கம். அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் பிரிண்டைக் கொடுத்துவிட்டு நெகட்டிவைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். இன்னொரு காப்பி வேண்டுமென்றால் குடும்பம் அவரிடம்தான் திரும்ப வர வேண்டும், அதில் அவருக்கு ஒரு வருமானம். நெகட்டிவ் கையில் இருந்ததால் உரிமையும் கையில் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது காரணம் யூடியூப். தொழில் கற்றுக்கொள்ள நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எடுக்கப்பட்டவை. "பதிப்புரிமை போட்டோகிராபருக்கே" என்று அவர்கள் சொல்வது அவர்கள் நாட்டுச் சட்டப்படி சரி. இங்கே சட்டம் வேறு.

நம்முடையது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அது இரண்டு பேரைத் தனித்தனியாகப் பார்க்கிறது. படைப்பாளர் என்பவர் படத்தை எடுத்தவர், அதாவது நீங்கள். முதல் உரிமையாளர் என்பவர், படம் உருவான கணத்திலேயே அதன் பதிப்புரிமையைப் பெறுபவர். சாதாரணமாக இரண்டும் ஒரே ஆள்தான். ஆனால் 17ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், விலை பேசி, ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டால், மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உங்கள் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். அவர்கள் கூப்பிட்டார்கள், தொகை பேசினார்கள், தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கேமரா யாருடையது என்ற கேள்வியே அந்தப் பிரிவில் எழவில்லை.

சட்டம் ஏன் இப்படிச் சொல்கிறது என்று உங்களுக்குக் கோபம் வரலாம். இதன் வேர் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. காசு கொடுத்துத் தன் முகத்தைப் படமெடுக்கச் சொன்ன குடும்பத்தைக் கேட்காமல், எடுத்தவர் அந்தப் படத்தை ஊருக்கு விற்கக் கூடாது என்ற கவலையில் எனக்கு நியாயம் தெரிகிறது. பிரிட்டன் 1988இல் சட்டத்தை மாற்றி உரிமையைப் போட்டோகிராபருக்கே கொடுத்தது. அப்போதும் இந்தக் கவலையை அது விட்டுவிடவில்லை. குடும்பத்தின் சொந்த உபயோகத்துக்காக எடுக்கச் சொன்ன படங்களை, எடுக்கச் சொன்னவரின் சம்மதமின்றி வெளியிடவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்று தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆக, நீங்கள் லண்டனில் தொழில் செய்திருந்தாலும் அந்த மூன்று படங்களுக்கு அவர்களைக் கேட்டிருக்கத்தான் வேண்டும்.

உங்களுக்கென்று எதுவுமே மிஞ்சவில்லை என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் 57ஆவது பிரிவு படைப்பாளரின் தனி உரிமைகளைச் சொல்கிறது. பதிப்புரிமை கைமாறிவிட்டாலும் 'இதை எடுத்தவன் நான்' என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும். உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உண்டு. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சிற்பி அமர்நாத் சேகல், டெல்லி விக்ஞான் பவனுக்காகப் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். 1979இல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், சேதமும் ஆனது. அரசு காசு கொடுத்துச் செய்யச் சொன்ன சிற்பம்தான். ஆனாலும் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

இனி, அந்தப் பிரிவில் நான் மேலே சொன்ன 'மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது' என்ற சொற்களுக்கு வருவோம். சொந்தமாகத் தொழில் செய்யும் உங்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் அதுதான். ஒப்பந்தம் இருந்தால் உரிமை உங்களிடமே நிற்கும். ஆனால் அது படம் எடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகு உரிமை அவர்களுடையதாகிவிடுகிறது. பிறகு அது உங்களிடம் வருவதென்றால், சட்டம் சொல்லும் உரிமை மாற்றம் நடக்க வேண்டும், அதாவது உரிமையாளர் தன் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு அதற்குப் போதாது. எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

அதனால் உகந்த நேரம் அட்வான்ஸ் வாங்கும் நேரம். நாள் குறித்து, தொகை பேசி, அட்வான்ஸைக் கையில் வாங்கும்போதே ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். கல்யாண வீட்டில் இதைப் பேசக் கூச்சப்பட வேண்டாம். மண்டபத்துக்காரரும் சமையல்காரரும் எழுதித்தானே வாங்குகிறார்கள்! 'படங்களின் பதிப்புரிமை போட்டோகிராபருக்கு. குடும்பத்தார் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், பகிரலாம், அச்சிடலாம்' என்று எழுதினால் யாரும் மறுப்பதை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வேண்டியது படங்கள்தான். அந்தப் படங்களை ஒரு நகைக்கடையோ பட்டுக்கடையோ விளம்பரத்துக்குக் கேட்டால் உங்கள் அனுமதியும் கட்டணமும் தேவை என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் விவரத்தை அனுப்பி அவர்கள் 'சரி' என்று பதில் போடுவதும் ஆதாரம்தான். ஆனாலும் கையெழுத்துக்கு உள்ள உறுதி வேறு.

யாரிடம் கையெழுத்து வாங்குவது? நம் ஊர்க் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டார் ஆள் வைப்பார்கள், வரவேற்புக்கு மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைப்பார்கள். உங்களை அழைத்துப் பணம் தருபவர் யாரோ அவரிடம் ஒப்பந்தக் கையெழுத்து. அதோடு, படங்களை நீங்கள் பொதுவில் காட்டுவதற்கு மணமக்கள் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இதை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

பதிப்புரிமை உங்களிடம் இருந்தாலும், படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமை அவரிடம்தான் இருக்கிறது. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் அறிந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதற்கு ஓர் உதாரணம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வாடிக்கையாளர்களை ஈர்ப்பதற்காகத்தான் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது, அப்படியானால் அது விளம்பரம்தான். அதனால் தாளில் 'பொதுவில் காட்டலாம்' என்று மொத்தமாக எழுதி விட்டுவிடாதீர்கள். எந்தெந்தப் படங்கள் என்பதைப் பிறகு காட்டிச் சம்மதம் வாங்குவேன், குழந்தைகள் படங்களைப் போட மாட்டேன், எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன் என்று எழுதுங்கள். இந்த மூன்று உறுதிகளைக் கண்ட பிறகு சம்மதிக்காதவர்கள் குறைவு. சம்மதிக்காதவர்களுக்கு அதற்கான காரணம் இருக்கும், அதைக் கேட்பது நம் வேலையில்லை.

ரா ஃபைல் விஷயம் சற்று வேறு. கேமராவின் சென்சார் பிடித்த ஒளித் தகவல் முழுவதும் பதப்படுத்தப்படாமல் அப்படியே சேமிக்கப்படும் கோப்புதான் ரா. நிறம், வெளிச்சம் எல்லாம் நீங்கள் சரிசெய்த பிறகே அது படமாகிறது. பதிப்புரிமை ஒருவரிடம் இருப்பது வேறு, ஒரு கோப்பை அவர் கையில் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது வேறு. இரண்டாவது, நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ஆல்பம் ஒன்று, திருத்திய படங்கள் பென் டிரைவில்' என்று பேசியிருந்தால் அவற்றைக் கொடுப்பதுதான் உங்கள் கடமை. பெரும்பாலும் குடும்பங்கள் ரா கேட்பது, நாம் கழித்த படங்களில் பெரியப்பாவோ அத்தையோ விட்டுப்போயிருப்பார்களோ என்ற பயத்தில்தான். கழித்த படங்களைச் சிறிய அளவு ஜேபெக் கோப்புகளாகக் கொடுத்தால் அந்தப் பயம் தீர்ந்துவிடும். உண்மையிலேயே ரா தான் வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை சொல்லுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 முதல் 30 எம்பி வரும். 4,000 படம் என்றால் 100 ஜிபியைத் தாண்டும், ஹார்டு டிஸ்க்கே ஒரு செலவு. எத்தனை மாதம் இந்தக் கோப்புகளை வைத்திருப்பீர்கள் என்பதையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஆல்பம் கைக்குப் போகும்வரை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீசனில் வேறொரு போட்டோகிராபருக்காக நாள் சம்பளத்துக்கு கேண்டிட் எடுக்கப் போவீர்கள் அல்லவா? அங்கே எடுக்கச் சொன்னவர் அந்தப் போட்டோகிராபர். எனவே அதே பிரிவின்படி அந்தப் படங்களின் உரிமை உங்களுடையது அல்ல. அவரைக் கேட்காமல் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். நீங்கள் ஆள் வைக்கும்போதும் இதையே அவரிடம் முதலில் பேசிவிடுங்கள். யாரும் கூப்பிடாமல், யாரும் காசு கொடுக்காமல், அலங்காநல்லூருக்கோ பழனித் தைப்பூசத்துக்கோ நீங்களாகப் போய் எடுத்த படங்கள் முழுக்க உங்களுடையவை. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். அவற்றின் ரா கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். ஒரு பத்திரிகையோ நிறுவனமோ கேட்காமல் எடுத்துப் போட்டால், எடுத்தவர் நீங்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இப்போது செய்ய வேண்டியது: அந்த மூன்று படங்களை இன்றே எடுத்துவிடுங்கள், எடுத்துவிட்டதாக அண்ணனுக்கு ஒரு செய்தியும் அனுப்புங்கள். ஆல்பம் கொடுக்கப் போகும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் பார்த்து, "இந்தப் படத்தைப் போடலாமா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். சரி என்று சொல்லும் படங்களுக்கு, பதிப்புரிமை அவர்களிடமே இருக்க, உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதி தருவதாக நான்கு வரி எழுதி, எந்தெந்தப் படம், எத்தனை காலத்துக்கு என்பதைக் குறிப்பிட்டு, எடுக்கச் சொன்னவரிடமும் மணமக்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.