குழந்தையின் பொழுதும் உடல் நிறையும்

குழந்தையின் உடல் நிறையைப் பற்றிப் பேசப் புகுந்தால் நம் நினைவுக்கு முதலில் வருவது உணவே. உணவு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், குழந்தை தன் பொழுதை எவ்வாறு கழிக்கின்றது என்பதும் அதன் நிறையோடு நெருங்கிய தொடர்புடையது.

நாளொன்றுக்கு உள்ளவை 24 மணித்தியாலங்களே. உறக்கம், ஓடியாடல், அமர்ந்திருத்தல் என்னும் மூன்றும் அவற்றைத் தம்முட் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பெருகின் மற்றொன்று சுருங்கியே தீரும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கென 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் இம்மூன்றையும் ஒருங்கே நோக்குகின்றது. அதன்படி, மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணித்தியால உறக்கம் வேண்டும். உடலசைவு 180 நிமிடமும், அதனுள் மூச்சு வாங்க ஓடியாடுதல் 60 நிமிடமுமேனும் வேண்டும். திரையின் முன் அமர்ந்திருத்தல் 1 மணித்தியாலத்தைக் கடத்தலாகாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு வயதுப் பிள்ளை 11 மணித்தியாலம் உறங்குகின்றது என்க. முன்பள்ளிக்கு 4, குளித்தல், உடுத்தல், உண்டல் ஆகியவற்றுக்கு 3. எஞ்சுவன 6. அவற்றுள் நான்கைத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் கவர்ந்தால் முற்றத்து விளையாட்டுக்கு எஞ்சுவது எவ்வளவு? இரவிலும் திரை நீளுமாயின் உறக்கமும் குறையும்.

உறக்கங் குறைந்த குழந்தைகளிடையே நிறைமிகுதி கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. திரையைப் பார்த்தபடி உண்ணும் பிள்ளை வயிறு நிறைந்ததை எளிதில் உணர்வதில்லை. இனிப்புப் பண்டங்களின் விளம்பரங்களோ ஆசையைத் தூண்டுகின்றன. எனினும், தொடர்பு உண்டென்பது கொண்டு திரை ஒன்றே காரணமென முடிவுசெய்தல் தகாது. பரம்பரை, உணவு, வீட்டுச் சூழல் என்பனவும் உடன் நிற்பன.

கொழுத்த குழந்தையே நலமுள்ள குழந்தை என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. சிறுவயது நிறைமிகுதி வளர்ந்த பின்னும் தொடர்ந்து நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்கு வழிகோலக்கூடும். அதேவேளை நம் நாட்டில் நிறை குறைந்த குழந்தைகளும் பலர். ஆதலின், கண்ணளவால் முடிவுகட்டாது, உயரத்தையும் நிறையையும் அளந்து வளர்ச்சி அட்டையிற் குறித்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி அறிதலே முறை. நிறை மிகுந்ததென்று அஞ்சி வளரும் பிள்ளையைப் பட்டினி போடுதல் பெருந்தவறு.

பழைய மாணவராகிய நம்மிற் பலர் இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் உள்ளோம். கிளித்தட்டும் கெந்தித்தொடுதலும் ஒளித்துப்பிடித்தலும் நமக்கு உடற்பயிற்சியெனத் தோன்றியதில்லை. அவை நம் மாலைப்பொழுதாகவே இருந்தன. இன்றைய பிள்ளைகளின் மாலையைத் திரையும் தனியார் வகுப்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்பொழுதிற் சிறிதை மீட்டுக் கொடுத்தல் நம் கையிலுள்ளது. சோறூட்டும் வேளையிற் கைத்தொலைபேசியை அப்பால் வைப்போம். மாலையிற் பிள்ளையோடு முற்றத்தில் இறங்குவோம். இரவில் நேரத்தோடு உறங்க வைப்போம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. நம் பொழுதிற் சிறிது வேண்டும்.